தண்டு வலித்தலும் முள்ளந்தண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யாழ்ப்பாண நகரிலும் அதையடுத்த ஊர்களிலும் உடற்பயிற்சி நிலையங்கள் பெருகி வருவது மகிழ்ச்சிக்குரியது. அவற்றில் பலவற்றில், ஓடு பட்டிக்கும் நிலைச் சைக்கிளுக்கும் பக்கத்தில், நீண்ட சட்டத்தின் மேல் வழுக்கிச் செல்லும் இருக்கையும் சங்கிலியில் பூட்டிய கைபிடியும் முன்புறத்தில் காற்றுச் சக்கரமும் கொண்ட இயந்திரம் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. அதைத் துடுப்பு இயந்திரம் என்கிறார்கள். எங்கள் கரையில் துடுப்பு என்பது கையிற் பிடித்துத் தண்ணீரைத் தள்ளும் சிறியது. வள்ளத்தின் விளிம்பில் பூட்டி, பின்நோக்கி அமர்ந்து இழுக்கும் நீளமானதற்குத் தண்டு என்று பெயர். தண்டை வலிப்பது என்பதே வழக்கு. நம் முதுகைத் தாங்கி நிற்கும் எலும்புக் கோவைக்கும் முள்ளந்தண்டு என்று பெயர் வைத்திருக்கிறோம். இந்த இரண்டு தண்டுகளுக்கும் இடையிலுள்ள உறவைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இந்த இயந்திரத்தைப் பற்றி நம்மிடையே எதிரெதிரான இரண்டு பேச்சுகள் உலவுகின்றன. நாரி நோவுக்கு, அதாவது கீழ்முதுகு நோவுக்கு, இதைவிட நல்ல மருந்து இல்லை என்பது ஒன்று. இதில் ஏறினால் டிஸ்க் விலகிவிடும், நாரி நோவு உள்ளவன் கிட்டவும் போகக்கூடாது என்பது மற்றொன்று. இருபத்தெட்டு ஆண்டுகள் உடற்கல்வி கற்பித்தவன் என்ற முறையிலும், இதே இயந்திரத்தில் நாரியைக் கெடுத்துக்கொண்டு பின்னர் அதிலேயே தேறியவன் என்ற முறையிலும், இரண்டும் பிழை என்று சொல்ல விரும்புகிறேன். எங்கே மடிந்து குனிகிறோம், பயிற்சியை எவ்வளவு வேகமாகக் கூட்டுகிறோம் என்ற இரண்டுமே முள்ளந்தண்டின் நலத்தைத் தீர்மானிக்கின்றன. இவ்விரண்டையும் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் இயந்திரத்தை மட்டும் கொண்டுவந்து வைத்திருப்பதுதான் என் குறை.

ஓய்வுபெற்ற பின் நானும் ஒரு நிலையத்தில் சேர்ந்தேன். அங்கிருந்த இளம் பயிற்றுவிப்பாளர் மரியாதையானவர். ஆனால் எனக்குச் சொல்லித் தந்தது ஒன்றே ஒன்றுதான். சக்கரத்தின் பக்கத்திலுள்ள நெம்பைப் பத்தாம் இலக்கத்துக்குத் தள்ளிவிட்டு, "சேர், பத்தில் வைத்தால்தான் உடம்பில் பிடிக்கும்" என்றார். முதல் நாளே நாற்பது நிமிடம் வலித்தேன். கடற்கரையிற் பிறந்தவனுக்கு இதில் என்ன இருக்கிறது என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. மறுநாள் நாற்பத்தைந்து, அதற்கடுத்த நாள் ஐம்பது. ஐந்தாம் நாட் காலையில் கிணற்றடியில் முகம் கழுவுவதற்காக வாளியை நோக்கிக் குனிந்த இடத்தில் நாரி பிடித்துக்கொண்டது. கிணற்றுக்கட்டைப் பிடித்தபடி, நிமிரவும் முடியாமல் இருக்கவும் முடியாமல், மனைவி கதிரை கொண்டுவரும்வரை நின்ற அந்த நிலையை நாரிப்பிடிப்பு வந்தவர்கள் அறிவார்கள். பாரம் எதையும் தூக்கவில்லை, வெறுமனே குனிந்தேன். நாலு நாளாகச் சேர்ந்த கேடு அந்தக் குனிவில் வெளிப்பட்டது என்பதைப் பின்னரே விளங்கிக்கொண்டேன்.

அதை எனக்கு விளக்கியவர் ஓர் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்). கதிரையில் இருத்தி, இயந்திரத்தில் எப்படி வலித்தேனோ அப்படிச் செய்து காட்டச் சொன்னார். பிறகு அறையின் மூலையில் நின்ற தும்புத்தடியை எடுத்து, தும்பை மேலே விட்டு, தடியை என் முதுகோடு சேர்த்துப் பிடித்தார். பின்மண்டை, தோட்பட்டைகளுக்கு நடு, நாரிக்குக் கீழே இடுப்பின் பின்னெலும்பு ஆகிய மூன்று இடங்களில் தடி முட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த முட்டு விடாமல் முன்னே சரிய வேண்டும் என்றார். நான் சரிந்த உடனேயே கீழ் முட்டு விட்டுப்போயிற்று. "ஐயா, நீங்கள் இடுப்பில் மடியவில்லை, நாரியை வளைக்கிறீர்கள், காலால் தள்ளவும் இல்லை, நாரியால் இழுக்கிறீர்கள்" என்றார். எத்தனையோ பிள்ளைகளுக்கு நிமிர்ந்து நிற்கக் கற்பித்த எனக்கு, அறுபது வயதுக்கு மேல் குனிவதை ஒரு தும்புத்தடி கற்பித்தது.

அவர் சொன்னதன் உடற்கூற்றுக் காரணத்தைச் சற்று விரிவாக எழுதுவதற்கு இடம் தர வேண்டுகிறேன். கழுத்திலிருந்து நாரிவரை தனித்தனியாக அசையும் முள்ளென்புகள் இருபத்துநான்கு. அவற்றுக்கு இடையிலும் (கழுத்தின் முதல் இரண்டுக்கும் நடுவே தவிர), கடைசி முள்ளென்புக்கும் அதன் கீழுள்ள எலும்புக்கும் இடையிலுமாகத் தட்டுகள் இருபத்துமூன்று. நாம் டிஸ்க் என்று சொல்வது இவற்றைத்தான். ஒவ்வொரு தட்டின் நடுவிலும் நுங்கின் களிபோன்ற மென்பொருள் இருக்கிறது. அதைச் சுற்றி, ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கும் மறுக்கும் ஓடும் நார்களால் ஆன உறுதியான வளையம் இருக்கிறது. நாரியை வளைத்துக் குனியும்போது தட்டின் முன்பக்கம் நசுங்குகிறது, நடுக்களி பின்னோக்கித் தள்ளப்படுகிறது, பின்பக்க நார்கள் இழுபடுகின்றன. அந்தப் பின்பக்கத்திற்கு அருகேதான் காலுக்குப் போகும் நரம்புகள் இருக்கின்றன. ஆகவே "டிஸ்க் விலகிவிட்டது" என்று நாம் சொல்வது சரியான பேச்சல்ல. தட்டு முழுவதாக இடம்பெயர்வதில்லை, வளையம் தளர்ந்து அல்லது வெடித்து உள்ளிருப்பது பிதுங்குகிறது. நாரியில் இவ்வாறு நேர்வதில் மிகப் பெரும்பாலானவை கடைசி இரண்டு தட்டுகளிலேயே நேர்கின்றன.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. முழுவதாகக் குனிந்து தொங்கும்போது முதுகின் இருபுறமும் ஓடும் நெடுந்தசைகள் வேலையை நிறுத்திவிடுகின்றன என்பதை ஃபுளொய்ட், சில்வர் என்ற இரு ஆய்வாளர்கள் 1955 இல் மின்பதிவுகளால் காட்டினார்கள். தசை விட்ட பாரத்தை எலும்புகளைப் பிணைக்கும் நார்க்கட்டுகளும் தட்டுகளும் ஏற்கின்றன. தண்டு வலிக்கும் இயந்திரத்தில் இருக்கை முன்னே ஓடி, முழங்கால்கள் மடிந்து, கைபிடியைத் தொட நீளும் அந்த முன்நிலையில் உடல் ஆகக் கூடுதலாக மடிந்திருக்கிறது. அடுத்த கணம் இழுப்பின் முழுப்பாரமும் அங்கேதான் விழுகிறது. தொடையின் பின்தசைகள் இறுகியவர்களுக்கு இடுப்பெலும்பு முன்னே சரிய மறுக்கும். சரியாத மிச்சத்தை நாரி வளைந்து ஈடுகட்டும். நாள் முழுவதும் கந்தோரில் இருப்பவர்கள், முச்சக்கரவண்டி ஓட்டுபவர்கள், பாடசாலை விட்டதும் தனியார் கல்வி நிலைய வாங்குகளில் இருட்டும்வரை இருந்துவிட்டு வரும் பிள்ளைகள் ஆகியோரின் பின்தொடைகள் எப்படி இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மைதானத்தில் முழங்காலை மடிக்காமல் காற்பெருவிரலைத் தொடச் சொன்னால், பதினாறு வயதுப் பிள்ளைகள் பாதி வழியில் நிற்பதை ஆண்டுதோறும் கண்டு வந்தவன் நான்.

ஒரு நிமிடத்துக்கு இருபத்திரண்டு தடவை வலிப்பது மிதமான வேகம். முப்பது நிமிடத்தில் அது 660 தடவை. பிழையாகக் குனிபவர் அரை மணி நேரத்தில் 660 தடவை பாரத்தோடு நாரியை வளைக்கிறார். களைப்பு ஏற ஏற நாரியின் வளைவும் கூடுகிறது. பழகிய வீரர்களிடமே இது அளந்து காட்டப்பட்டுள்ளது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படகு வலித்த முன்னாள் வீரர்களிடம் நடத்தி 2002 இல் வெளியான ஆய்வொன்றில், ஏறத்தாழ மூன்றிலொருவர் அக்காலத்தில் முதுகு நோவுக்கு ஆளாகியிருந்தனர். இயந்திரத்தில் ஒரே இருப்பில் முப்பது நிமிடத்துக்கு மேல் பயிற்சி செய்ததும் அந்நோவோடு சேர்ந்து காணப்பட்டது. ஆனால் அதே ஆய்வாளர்கள் அவர்களின் பிற்கால வாழ்க்கையை ஆராய்ந்தபோது, பொதுமக்களைவிட அவர்களுக்கு முதுகு நோவு கூடுதலாக இருக்கவில்லை. இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து. முன்னதை மட்டும் வைத்துக்கொண்டு பயமுறுத்துவதும், பின்னதை மட்டும் வைத்துக்கொண்டு விளம்பரம் செய்வதும் நோவுக்காரருக்குச் செய்யும் அநியாயம்.

நெம்பின் இலக்கத்தைப் பற்றியும் எழுதியாக வேண்டும், ஏனெனில் நம்மவர்கள் ஆகக் கூடுதலாக ஏமாறுவது அங்கேதான். நெம்பு சக்கரத்துக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்துகிறது, அவ்வளவே. பத்து என்பது பெரிய, பாரமான வள்ளத்தை வலிப்பதற்குச் சமம்; மூன்று அல்லது நான்கு என்பது ஒல்லியான, விரைவாக ஓடும் வள்ளத்துக்குச் சமம். எவ்வளவு பலத்தோடு தள்ளுகிறோமோ அவ்வளவுக்கு எந்த இலக்கத்திலும் உடலுக்கு வேலை கிடைக்கும். தேர்ந்த வீரர்களே பெரும்பாலும் நடுவிலும் அதற்குச் சற்றுக் கீழும் வைத்துப் பயில்கிறார்கள்; புதியவர்கள் 3 இலிருந்து 5 வரைக்குள் வைத்தால் போதும். பாரமான சக்கரம் மெல்லச் சுழல்வதால் ஒவ்வொரு இழுப்பின் தொடக்கத்திலும் நாரியில் விழும் பாரம் கூடுகிறது என்பதைத்தான் என் பயிற்றுவிப்பாளர் அறியாமல் இருந்தார். அவரை நான் நோகவில்லை. அவருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சரியான முறை ஒழுங்கில் இருக்கிறது. முதலில் கால்கள் தள்ள வேண்டும். பாதிக்கு மேற்பட்ட பலம் கால்களிலிருந்துதான் வருகிறது. கால்கள் ஏறக்குறைய நீண்ட பிறகு உடல் இடுப்பிலிருந்து பின்னே சாய வேண்டும். கைகள் கடைசியில்தான் மடிய வேண்டும். திரும்பும்போது இதே ஒழுங்கு தலைகீழாக வர வேண்டும்: கைகள் நீண்டு, உடல் இடுப்பிலிருந்து முன்னே சரிந்து, கைபிடி முழங்காலைத் தாண்டிய பிறகே முழங்கால்கள் மடிய வேண்டும். பக்கவாட்டில் நின்று பார்ப்பவர் சுவர் மணிக்கூட்டை நினைத்துக்கொண்டால், உடல் பதினொரு மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் மட்டும் ஆட வேண்டும். முன்நிலையில் முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி செங்குத்தாக நிற்பது போதும். அதையும் தாண்டி இருக்கையைக் குதிக்காலோடு முட்ட வைப்பது நாரியை மடிக்கும் வேலை. இதை வாசித்துக் கற்பது கடினம். பக்கத்தில் ஒருவர் நின்று, முதல் இரண்டு மூன்று நாட்கள், ஒவ்வொரு நாளும் பத்து நிமிடமாவது பார்த்துத் திருத்தினால் பெரும்பாலானோருக்குப் பிடிபட்டுவிடும்.

என் தகப்பனார் பாசையூரில் வள்ளத் தொழில் செய்தவர். வெளியிணைப்பு எஞ்சின் வருவதற்கு முன்னர் கடல்நீரேரியில் தண்டு வலித்தவர். சிறுவனாக அவர் முன்னே இருந்து வலிக்கப் பழகியபோது, வள்ளத்தின் குறுக்குச் சட்டத்தில் என் இரண்டு பாதங்களையும் தன் கையாலேயே ஊன்றி வைத்துவிட்டு, "வள்ளத்தைக் காலால் ஓட்டு, கை வெறும் கயிறு" என்பார். இயன்மருத்துவர் சொன்னதும் அதையேதான். அதற்காகப் பழையவர்களுக்கு நாரி நோவே இருக்கவில்லை என்று எழுத நான் துணியமாட்டேன். வலை இழுத்தும், ஈர வலையைச் சுமந்தும், பிற்காலத்தில் எஞ்சினைத் தோளில் தூக்கியும் நாரி உளைவோடு படுத்த பலரைக் கண்டிருக்கிறேன். ஆனால் பன்னிரண்டு வயதில் தண்டு பிடித்தவன் இருபது வயதுக்குள் அதை மெல்ல மெல்லத்தான் பழகினான். நாம் ஐம்பது வயதில் பிடித்து ஐந்து நாளில் பழகப் பார்க்கிறோம்.

காலை ஐந்து மணிப் பயிற்சியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இரவில் படுத்திருக்கும்போது தட்டுகள் நீரை உறிஞ்சிப் புடைக்கின்றன. அதனாலேயே காலையில் நாம் மாலையைவிட ஒரு சென்ரிமீற்றர் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலான உயரத்தோடு எழும்புகிறோம். புடைத்த தட்டு குனிவதை எதிர்க்கும். அந்நேரத்தில் குனிந்தால் அதன் நார்களில் விழும் இழுவை பல மடங்காகிறது. விடியற்காலைக் குனிவைத் தவிர்த்த நாட்பட்ட நோவுக்காரருக்கு நோவு குறைந்ததை 1998 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. பாயிலிருந்து எழும்பி நேரே போய் இயந்திரத்தில் ஏறுவதைவிட, ஒரு மணி நேரமாவது நடமாடி, வீட்டு வேலை ஒன்றிரண்டு பார்த்துவிட்டுப் போவது நல்லது. இரவு முழுவதும் கொழும்பு பஸ்ஸில் இருந்துவிட்டு வந்து இறங்கியவர்களும் அன்றைக்கு நடந்தாலே போதும்.

நோவு வந்த பிறகு நாம் செய்வதும் சீராக இல்லை. நான் எட்டு நாட்கள் பாயோடு கிடந்தேன். அயலவர்கள் சொன்னபடி நாரிப்பட்டியும் கட்டினேன். ஹெல்சிங்கி நகரசபை ஊழியர்கள் 186 பேரிடம் நடத்தி 1995 இல் வெளியான ஆய்வில், திடீர் நாரி நோவோடு வந்தவர்களுள் இரண்டு நாள் படுக்கையில் வைக்கப்பட்டவர்களைவிடவும் விசேட முதுகுப் பயிற்சி செய்தவர்களைவிடவும், நோவு விடும் அளவுக்கு வழமையான வேலைகளைத் தொடர்ந்தவர்களே விரைவாகத் தேறினர். ஆகவே பிடித்த கையோடு இயந்திரத்தில் ஏறி நோவை முறிக்கப் பார்ப்பதும் தவறு, கட்டிலோடு கிடப்பதும் தவறு. நாட்பட்ட நாரி நோவுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டல், பட்டி கட்டுவதை வழமையான சிகிச்சையாக வழங்க வேண்டாம் என்று சொல்லி, உடற்பயிற்சியையும் நோயாளிக்கு விளக்கிக் கற்பித்தலையும் பரிந்துரைக்கிறது. 2020 இல் உலகில் 619 மில்லியன் மக்களுக்கு இந்நோவு இருந்தது என்று அதே நிறுவனம் கணக்குக் காட்டுகிறது.

எம்.ஆர்.ஐ. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இனி வாழ்நாள் முழுவதும் குனியவே மாட்டேன் என்று இருப்பவர்களுக்கும் ஒரு செய்தி. முதுகு நோவே இல்லாத 98 பேரைப் படமெடுத்துப் பார்த்து 1994 இல் வெளியிட்ட ஆய்வில், எல்லாத் தட்டுகளும் இயல்பாக இருந்தவர்கள் நூற்றுக்கு 36 பேர் மட்டுமே. படத்தில் தெரியும் புடைப்பு எல்லாம் நோவுக்குக் காரணமாகிவிடாது. தட்டுகளுக்கு வளர்ந்தவர்களிடம் நேரடி இரத்த ஓட்டம் இல்லை. அவற்றுக்கு வேண்டியவை அயலிலிருந்து ஊறித்தான் வருகின்றன. அசைவும் மாறி மாறி விழும் மிதமான பாரமும் முள்ளந்தண்டுக்குப் பகையல்ல. முழங்கால் தேய்ந்து ஓட முடியாதவர்களுக்கு, நிலத்தில் அடி விழாத இந்தப் பயிற்சி இருதயத்துக்கும் கால்களுக்கும் முதுகுத் தசைகளுக்கும் ஒருங்கே பயன்படுகிறது. எனக்கு இதன்மேல் பற்று வந்தது அதனால்தான்.

விலக்குகளும் உண்டு. மாதவிடாய் நின்ற பின் என்பு நலிந்த பெண்கள், பாரத்தோடு முன்வளையும் எந்தப் பயிற்சியையும் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. முள்ளென்பு நசுங்கி முறியும் ஆபத்து அவர்களுக்கு உண்டு. நோவு காலுக்கு இறங்கி வலுக்குறைந்தால், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாட்டை இழந்தால், இருக்கும்போது இருக்கையில் படும் உடற்பகுதி மரத்துப்போனால், ஒரு நாள்கூடப் பார்க்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு, அல்லது காரணமில்லாத மெலிவோடு வரும் முதுகு நோவையும் எண்ணெய் தடவிக் காலம் கடத்தக்கூடாது.

உடற்பயிற்சி நிலையங்களை நடத்துபவர்களிடம் நான் கேட்பது அதிகச் செலவில்லாதது. இந்த இயந்திரத்தில் புதிதாக ஏறுபவர் எவரையும் முதலில் முன்பு நாரி நோவு வந்ததுண்டா என்று கேளுங்கள். வந்தவர்களுக்கே மீண்டும் வரும் வாய்ப்புக் கூடுதல் என்பதை, படகு வலிப்போரின் நாரி நோவு பற்றி 2021 இல் நிபுணர்கள் கூடி வெளியிட்ட கருத்தறிக்கையும் வலியுறுத்துகிறது. நெம்பை நாலில் விட்டுவையுங்கள். முதல் கிழமையில் ஒரு தடவைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். பிறகு கிழமைக்குச் சில நிமிடங்களாகக் கூட்டுங்கள். நோகிறது என்று ஒருவர் சொன்னால், அதைப் பலவீனம் என்று எண்ணாமல் அன்றே நிறுத்தி, எப்படி வலிக்கிறார் என்று பாருங்கள். மூலையில் ஒரு தும்புத்தடியும் நிற்கட்டும்.

நான் இப்போது கிழமைக்கு மூன்று நாள், நெம்பை நாலில் வைத்து, நிமிடத்துக்கு இருபது தடவையாக, பதினெட்டு நிமிடம் வலிக்கிறேன். கிணற்றடியில் குனிவதற்குப் பயமில்லை. என்னைப் போல் ஐந்தாம் நாளில் விழுந்துவிட்டு, இயந்திரத்தையே வெறுத்துவிட்டவர்கள் இந்நகரில் பலர் இருக்கிறார்கள் என்பதை நிலையங்களில் கேட்டறிந்திருக்கிறேன். ஆகவே தங்கள் பத்திரிகையின் மருத்துவப் பக்கத்தில், இடுப்பில் மடிவதற்கும் நாரியை வளைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை, இயன்மருத்துவர் ஒருவரைக் கொண்டு, பக்கவாட்டில் எடுத்த படங்களோடு ஒரு முறை வெளியிட்டு உதவுமாறு தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். வெட்டியெடுத்துச் சுவரில் ஒட்டக்கூடிய அளவில் அது இருந்தால் மேலும் நல்லது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
பாசையூர், யாழ்ப்பாணம்.